பெயர் எழுதிய அச்சு

பல்லுக்குக் கம்பி போட, பதினைந்து வயது யசோதினி அம்மாவோடு நுவரெலியாவுக்கு வந்திருந்தாள். போன மாதம் டொக்டர் அவள் பல்வரிசையை அச்செடுத்து, பிளாஸ்டரில் வார்த்து, பெயர் எழுதி வைத்திருந்தார். இன்று அந்த அச்சில் ஒரு முன்பல்லைக் காணவில்லை.

"உடைஞ்ச மாதிரி இல்ல. பல்லு விழுந்து, ஈறு ஆறின மாதிரி இருக்கு," என்றார் டொக்டர்.

"வேற ஆளோடதா இருக்குமுங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"மத்தக் கோணல் பல்லெல்லாம் இவங்களோடதுதான்."

யசோதினி நாக்கால் தடவிப் பார்த்தாள். முன்பல் இரண்டும் இருந்தன.

திரும்பும்போது ராகலை பஸ்ஸில் சீட் கிடைக்கவில்லை. வளைவுக்கு வளைவு சனம் சாய்ந்தது.

"தங்கச்சி, ரெண்டு கையாலயும் புடிச்சுக்கங்க," என்றார் கொண்டக்டர்.

அவள் ஒரு கையால்தான் பிடித்திருந்தாள். மற்றக் கை, முன்பல்லுக்குக் காவல்போல, வாயைப் பொத்தியிருந்தது. பஸ் அடுத்த வளைவில் திரும்பியது.