லைனில் இருங்கள்

கடைக்கே ஆபத்து வந்துவிட்டதே என்று அவள் தவியாய்த் தவித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவரோ கண்ணை மூடி, தலையை ஆட்டி இசை கேட்டுக்கொண்டிருந்தார். கச்சேரி எதுவும் இல்லை. "லைனில் இருங்கள்" என்று சொல்லிவிட்டு ஃபோனில் ஓடவிடுவார்களே, அதுதான்.

எல்லாம் காலையில் வந்த நோட்டீஸால். அவளுடைய தையல் கடை வெப்சைட்டைத் திறந்தால் ஒரு சினிமாப் பாட்டு ஒலிக்கும். நோட்டீஸைப் பார்த்ததுமே பாட்டை எடுத்துவிட்டாள். ஆனாலும் இத்தனை நாள் ஓட்டியதற்கு நஷ்டஈடு கட்டாவிட்டால், மாலைக்குள் வெப்சைட்டையே முடக்கிவிடுவோம் என்றது பாட்டுக் கம்பெனி.

பள்ளி திறக்க இன்னும் பத்தே நாள். சீருடை ஆர்டர் முழுக்க அதில்தான் வருகிறது.

கம்பெனியின் சட்ட அதிகாரி மறுபடி லைனுக்கு வந்தார்.

"மேடம், அந்தப் பாட்டு சிடி நான் காசு குடுத்து வாங்கினதுதான்" என்றாள் அவள்.

"சிடி வாங்கினா வீட்டுல கேக்கலாம்மா. வெப்சைட்ல போடணும்னா மெட்டு போட்டவர், பாட்டு எழுதினவர், பதிவு பண்ணின கம்பெனி, எல்லார்கிட்டயும் எழுத்துல அனுமதி வாங்கணும்."

"கீழே நன்றின்னு எல்லார் பேரையும் போட்டிருந்தேனே!"

"அடுத்தவங்க வண்டிய எடுத்துட்டுப் போய், நன்றின்னு சீட்டு எழுதி வெச்சா சரியாயிடுமா? மெட்டு போட்டவர் கையெழுத்து இல்லேன்னா அது திருட்டு, அவ்வளவுதான். லைன்ல இருங்க, எவ்வளவுன்னு கேட்டுச் சொல்றேன்."

மறுபடி அதே இசை.

"ஸ்பீக்கர் சத்தத்த இன்னும் கூட்டு" என்றார் கணவர்.

அவளுக்கு வந்ததே கோபம்! ஆபீஸ் விட்டு வந்தால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பின்னறையில் கீபோர்டைத் தட்டுகிற மனிதர். தட்டியதை எங்கேயோ இன்டர்நெட்டில் ஏற்றியும் வைப்பார். வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

போன தடவை பாதியில் நின்ற இசை இந்தத் தடவை நீண்டுகொண்டே போனது. "இப்ப குழல் வரும் பாரு" என்றார். வந்தது.

"இங்க என் பொழப்பே போகுது, உங்களுக்குக் குழல் கேக்குதாக்கும்!" அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இசை நின்றது. அதிகாரி சொன்ன தொகையைக் கேட்டு அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

கணவர் மெதுவாக ஃபோனை வாங்கினார்.

"மேடம், இவ்வளவு நேரம் லைன்ல ஒரு இசை ஓட விட்டீங்களே, அதுக்கு என்கிட்ட எப்ப கையெழுத்து வாங்கினீங்க?"