கேட்கத் தெரிந்தவன்

வீடியோ கேம் இசையில் ஒளிந்திருக்கும் அர்த்தத்தைக் கண்டுபிடிப்பதில் ஒசாகாவிலேயே பெயர்பெற்றவன் ஷுன்ஜி. அன்று நேரலையில் பேசினான்.

“இந்த கேம் கதையில ஒரு பொண்டாட்டி தினம் சிரிச்ச முகத்தோட புருஷனுக்கு மிசோ சூப் வைக்கிறா. பின்னால ஓடுற இசையைக் கேளுங்க. நாளுக்கு ஒரு வாத்தியம் குறையுது. ஏழாம் நாள் சத்தமே இல்ல. முதல் நாளே வீட்டைவிட்டுப் போக முடிவு பண்ணிட்டா!”

“புருஷனுக்கு அது கேக்கலையா அண்ணே?” என்று ஒரு ரசிகன் எழுதினான்.

“அந்த மடையனுக்குக் காது எங்க இருக்கு?”

“இசை போட்டது யாரு?” என்றான் இன்னொருவன்.

“என் வீட்டுக்காரிதான்! ஆனா அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம நானே கண்டுபிடிச்சேன். இருங்க, கூப்பிடுறேன். மினாகோ!”

இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போனான். வாசலில் அவளுடைய காலணி ஒன்றுகூட இல்லை. அலமாரியின் மேல் வீட்டுச் சாவியை வைத்துவிட்டுப் போயிருந்தாள்.