ஸ்பின்னிங் பேச்சு

கார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உதடு அசைந்தது.

இந்தப் பக்கம், டீத்தட்டோடு நின்றிருந்தவள் படித்துவிட்டாள்.

'ஒண்ணும் தேறாது சார்.'

சத்தம் கேட்கவில்லை. கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டுக்கொண்டு, சென்னை ஆபீசரம்மா போனில் பேசிக்கொண்டிருந்தார். மடியில் மூன்று நாளாக எழுதி நிரப்பிய படிவம்.

அவளுக்குச் சத்தம் எதற்கு? இருபத்திரண்டு வருஷம் மில்லில் ஸ்பின்னிங் வேலை. அந்த இரைச்சலில் காது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். புருஷனோடு சண்டை, பிள்ளைக்குக் காய்ச்சல், மேஸ்திரியின் வழுக்கை, எல்லாம் உதட்டிலும் கையிலும்தான் பேசிக்கொள்வார்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு. ஒருத்தி பேசும்போது மற்றவள் முகத்தைத் திருப்பக் கூடாது. திருப்பினால் அவள் வாயைப் பொத்தியதற்குச் சமம்.

மில் மூடிப் பதினான்கு வருஷம் ஆகிறது. இரைச்சல் போய்விட்டது. பழக்கம் போகவில்லை.

உதடு இன்னும் அசைந்தது.

'பூட்டின வீட்டு வாசல்லகூட கோலம் போட்டு வச்சிருக்காங்க சார். பாவமாத்தான் இருக்கு. ஆனா லிஸ்ட்ல சேர்க்க முடியாது.'

அவளுக்குச் சுருக்கென்றது.

அந்தக் கோலங்களை அவளும், மில்லில் பக்கத்து மெஷினில் நின்ற உலகம்மாளும்தான் போட்டார்கள். மூன்று நாளும் விடிவதற்குள் எழுந்து, இடுப்பு ஒடியக் குனிந்து, நாற்பத்தோரு வாசல். ஆள் குடியிருக்கிற ஊர் மாதிரித் தெரியட்டும் என்று. செய்த திருட்டுத்தனத்தையாவது ஒழுங்காகச் செய்திருக்கலாம். நாற்பத்தோரு வாசலிலும் ஒரே சிக்குக் கோலம்.

மூடிய மில் ஊர்களில் எது மறுபடி பிழைக்கும், எது பிழைக்காது என்று பார்க்கத்தான் ஆபீசரம்மா வந்திருந்தார். பட்டியலில் பேர் வந்தால் மில் கட்டடத்துக்குத் தையல் கம்பெனிகள் வரும். வராவிட்டால் கேட்டில் தொங்குகிற பூட்டுதான்.

அவள் மகன் இசக்கிராஜ் இன்று நாலு மணி பஸ்ஸில் பெண்டாட்டி பிள்ளையோடு திருப்பூருக்குக் குடிபோக வேண்டியவன். 'ஆபீசரம்மா வாயிலருந்து ஒரு வார்த்தை வரட்டும்லே, அதுக்கப்புறம் போ' என்று நிறுத்தி வைத்திருந்தாள். உலகம்மாளின் மருமகனுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருந்தது. வருகிறானா இல்லையா என்று அவனும் இன்று சொல்லியாக வேண்டும்.

கண்ணாடி இறங்கியது.

"நல்லபடியாத்தான் எழுதியிருக்கேன்மா. கவலைப்படாதீங்க."

சிரித்தபடி டீயை வாங்கிக்கொண்டார். கெட்ட மனுஷி இல்லை. இந்தச் சின்ன வயசில் எத்தனை ஊரிடம் இதைச் சொல்லியிருப்பாரோ.

"சந்தோசம்மா" என்றாள் அவள். வேறு என்னத்தைச் சொல்ல?

காருக்குப் பின்புறம், எதிர்ச்சாரியில், இட்லிக்கடை வாசலில் உலகம்மாள் நின்றாள். அங்கிருந்து ஆபீசரம்மாவின் முகம் தெரியாது. கையை மட்டும் தூக்கி விரித்தாள்.

என்னட்டி சொல்லுதாங்க?

அந்த முகத்தில் அப்படி ஓர் ஆசை. மில் மூடிய நாளிலிருந்து உலகம்மாள் முகத்தில் அவள் அதைப் பார்த்ததில்லை.

கை தானாக எழுந்தது. கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக் காட்டினாள். அறுந்த நூலைச் சேர்த்தாயிற்று, மெஷின் ஓடுகிறது என்பதற்கு ஸ்பின்னிங்கில் அதுதான் சாடை.

உலகம்மாள் உள்ளே இருந்த மகளைப் பார்த்துப் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது.

"ஏட்டி செண்பகம்! ஓசூர்க்காரன்ட்ட வரலைன்னு சொல்லச் சொல்லுட்டி மாப்பிள்ளைய! நம்ம ஊரு தேறிட்டு!"

மருமகன் வாசலுக்கு வந்து போனைக் காதில் வைத்தான்.

இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. உள்ளங்கையைக் கவிழ்த்து ஒரு தரம் அமுக்கிக் காட்டினால் போதும். நிறுத்து என்று அர்த்தம். உலகம்மாள் போனைப் பிடுங்கிவிடுவாள்.

கை எழவில்லை. அவளுக்கே அவள்மேல் அருவருப்பாக இருந்தது.

கார் கிளம்பிப் போனது.

இசக்கிராஜ் வந்தான். பேத்தி அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். மருமகள் பெட்டிகளோடு பின்னால் நின்றாள்.

"என்னம்மா, இருந்துருவோமா?"

ஊருக்குப் பொய் சொல்லலாம். பெற்ற பிள்ளைக்குச் சொல்ல முடியுமா? அவன் சட்டையைப் பிடித்துக் கிட்டே இழுத்தாள். தோளுக்கு மேலாக எட்டி, காதோடு காதாகச் சொன்னாள். பக்கத்தில் நின்ற மருமகளுக்கே கேட்கவில்லை.

"கிளம்புலே. இங்க ஒண்ணும் தேறாது. நாலு மணி பஸ்ஸ விட்டுராத."

சொல்லி முடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

எதிர்ச்சாரியில் உலகம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் இப்போது கார் இல்லை. மருமகன் பேசி முடித்து, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான்.

உலகம்மாள் சத்தம் போடவில்லை. ஓடி வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. வேலைக்குப் புதுசாக வந்தவளுக்குச் சொல்கிற மாதிரி, நிறுத்தி நிதானமாக.

'அப்போ, எம் மவ?'

அவள் பெட்டியைத் தூக்கப்போகிறவள் போலக் குனிந்தாள்.

குனிந்தவள் நிமிரவில்லை.