வெட்டுவீங்களா?

"அத்தே, ஒரே ஒரு வார்த்தை. 'இந்தத் திட்டம் வரலேன்னா காட்டை வெட்டிடுவோம்'னு சொல்லுங்க. போதும்."

காலையிலிருந்து மைதிலி இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நாகம்மாவுக்குச் சுருக்கென்றது.

"இன்னா பேசறே நீ? வெட்ற ஆளா நானு?"

"வெட்ட வேணாம் அத்தே. சொன்னாப் போதும்."

மருமகளுக்கு அம்பத்தூரில் ஐ.டி. கம்பெனி வேலை. கெட்டிக்காரிதான். ஆனால் துட்டு வருகிறது என்றால் பெரியவளையே பொய் சொல்லச் சொல்கிறாளே என்று நாகம்மாவுக்கு மனசு கசந்தது.

அந்தக் காடு அவளுடைய கர்வம். ஆவடி பேக்டரியில் ரிடையர் ஆன கையோடு, கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் பட்டாபிராம், நெமிலிச்சேரி என்று மனை வாங்கிப் போட்டார்கள். அவள் புருஷன் கஜபதி மட்டும் ஊத்துக்கோட்டை தாண்டி, மலையடிவாரத்தில் உசிலும் கருங்காலியும் மண்டிக் கிடந்த காட்டை வாங்கினார். "துட்டைக் கொண்டுபோய்ப் புதர்ல கொட்டிட்டான்" என்று ஊரே சிரித்தது. அவர் கண்ணை மூடிய பிறகும் நாகம்மா அதில் ஒரு கிளையை ஒடிக்க விடவில்லை. பட்டா இப்போது அவள் பேரிலும் மகன் வெங்கட் பேரிலும் கூட்டாக இருந்தது.

காலிங் பெல் அடித்தது. கார்பன் திட்டக் கம்பெனியிலிருந்து ஜஸ்டின். மைதிலி விசாரித்து வரவழைத்த ஆள்.

காபியை வாங்கிக்கொண்டு பொறுமையாக விளக்கினார்.

"மரங்க காத்துல இருக்கிற கரியை இழுத்து வச்சுக்குதும்மா. வெட்டினா அது மறுபடி புகையாப் போயிடும். அதனால புகை விடற கம்பெனிங்க, 'வெட்டாம வச்சிருங்க'ன்னு உங்களுக்கு வருஷா வருஷம் பணம் குடுப்பாங்க. அதான் கார்பன் கிரெடிட். கையெழுத்துப் போட்டாச்சுன்னா நாற்பது வருஷத்துக்கு யாரும் அந்தக் காட்டுல கைவைக்க முடியாது."

"நல்ல சமாசாரம்தானே நைனா!"

"ஒரே ஒரு கேள்விதாம்மா. இந்தத் திட்டம் வரலேன்னா காட்டை வெட்டுவீங்களா?"

மைதிலி மாமியாரையே பார்த்தாள். கண்ணாலேயே கெஞ்சினாள்.

நாகம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வெட்றதா? என் உசிரு கீற வரைக்கும் ஒரு குச்சியத் தொட வுட மாட்டேன்."

மைதிலி கண்களை மூடிக்கொண்டாள்.

ஜஸ்டின் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அப்போ கஷ்டம்மா. ஆபத்துல இருக்கிற காட்டுக்குத்தான் பணம். பத்திரமா இருக்கிற காட்டுக்கு விதியில இடமில்லை."

"இன்னா நாயம் இது? வெட்றவனுக்குத் துட்டு, காப்பாத்தறவனுக்கு நாமமா?"

"எப்படியும் வெட்டாத காட்டைக் காட்டி யாரும் ஏமாத்திடக்கூடாதுன்னு வச்ச விதிம்மா." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். "சரி, உங்க காலத்துக்கு அப்புறம்?"

"அப்புறம் இன்னா? அதோ குந்திகினு கீறான் பாரு, என் புள்ள! கஜபதி ரத்தம். என்னைவிட ஒசத்தியாக் காப்பாத்துவான்."

சொல்லும்போதே அவள் குரலில் பெருமை வழிந்தது. வெங்கட் மொபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஜஸ்டின் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"சார், ஒரு நிமிஷம்..." என்று ஆரம்பித்த மைதிலி, புருஷனைப் பார்த்துவிட்டுப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

"போவட்டும் வுடு," என்றாள் நாகம்மா. "பொய் சொல்லி வர்ற துட்டு எனக்கு வாணாம்."

"அது பொய் இல்லம்மா."

வெங்கட்தான். எழுந்து நின்றிருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"உட்காருங்க சார். நான் வெட்டுவேன். பிளாட் போடற ப்ரோக்கர்கிட்ட பேசி முடிச்சாச்சு. அம்மா இருக்கிற வரைக்கும் வேணாம், அப்புறம் ஆரம்பிக்கலாம்னு சொல்லியிருக்கேன். 'கஜபதி நகர்'னு பேர்கூட வச்சாச்சு. நம்பர் தர்றேன், நீங்களே கேட்டுக்குங்க."

நாகம்மா மகனை ஏறிட்டுப் பார்த்தாள். "உங்கப்பன் பேர்லயேவாடா?"

"ஆமாம்மா." அவன் குரல் உடைந்தது. "வந்தவர்கிட்ட என்னை நீ அவ்ளோ பெருமையாச் சொல்றே, என்னால கேட்டுக்கிட்டு உட்கார முடியலே. சார், நானும் கையெழுத்துப் போடறேன். என் கையைக் கட்டிப் போட்டுடுங்க."

நாகம்மா மெதுவாக மருமகள் பக்கம் திரும்பினாள்.

"உனுக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தே. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேக்கலே. அதான் இவங்களைத் தேடிப் பிடிச்சேன்." மைதிலி தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க அந்த ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காடும் தப்பிச்சிருக்கும். உங்க புள்ளையைப் பத்தின இந்த விஷயமும் உங்க காதுக்கு வராமலே போயிருக்கும்."

நாகம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் தலை குனியவில்லை.

ஜஸ்டின் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஆபத்து இருக்குன்னு எழுதிக்கட்டுமாம்மா?"

"எழுதிக்கோ நைனா. காட்டுக்கு ஆபத்து என் புள்ள." மருமகளின் கையை இன்னும் இறுக்கிக்கொண்டு, காடு வாங்கி ஊரே சிரித்த நாளில் கஜபதி நிமிர்ந்ததுபோல் நிமிர்ந்தாள். "காவல் என் மருமவ. அதையும் சேத்து எழுதிக்கோ!"