மூன்று மாதச் சராசரி

"ரிப்போர்ட்டை அப்புறம் பார்ப்போம். முதல்ல வாயைத் திறங்க" என்றார் பல் டாக்டர்.

மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். பக்கத்தில் நின்றிருந்த அவர் மனைவிக்கும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். விசிலைப் பல்லில் கடித்தபடியே காலம் பூராவும் மைதானத்தைச் சுற்றி வந்த மனிதர். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருநாள் விசிலோடு ரத்தமும் வந்தது. தொட்டுப் பார்த்தால் முன்பல் இரண்டும் ஆடின.

சர்க்கரைக்காரர்களுக்கு ஈறு சீக்கிரம் கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையும் ஏறும், இரண்டும் கூட்டுக் களவாணிகள் என்று டாக்டர் அன்றே விளக்கிவிட்டார். ஈறைத் திறந்து சுத்தம் செய்தால் பல்லைக் காப்பாற்றலாம். ஆனால் சர்க்கரை கட்டுக்குள் வராமல் கத்தி வைத்தால் புண் லேசில் ஆறாது. சர்க்கரை குறையவில்லை என்றால் பல்லை மறந்துவிட வேண்டியதுதான். பல் போனால் விசிலும் போச்சு. பொக்கை வாயோடு மைதானத்தில் நின்றால் பிள்ளைகள் மதிக்குமா என்று மாஸ்டர் தூக்கமில்லாமல் புரண்டார்.

அன்றிலிருந்து மாஸ்டரம்மாவின் ஆட்சி. சர்க்கரை டப்பா பீரோவுக்குள் நகைகளோடு குடியேறியது. ராத்திரி அவர் பல் தேய்க்கும்போது குளியலறை வாசலில் நின்று மேற்பார்வை பார்த்தாள்.

"உள்பக்கம் தேயுங்க. ஏன் இப்படி அழுத்துறீங்க, பாத்திரமா விளக்குறீங்க? அந்தச் சின்ன பிரஷை எடுத்து இடுக்குல விடுங்க."

ஒரு மைதானத்தையே விசிலால் நிறுத்தி வைத்தவர், வாயில் நுரையோடு தலையாட்டினார்.

அவருக்கு உதாரணம் காட்ட அவளிடம் ஒரே ஓர் ஆள்தான் உண்டு. தன் தம்பி.

"என் தம்பியைப் பாருங்க. ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவெச்சுப் படுத்திருப்பானா? கல்லைத் தின்னாலும் செரிக்கும் அவனுக்கு. மனசு சுத்தமா இருந்தா ரத்தமும் சுத்தமா இருக்கும்."

தம்பியும் அதை ஒருநாளும் மறுத்ததில்லை. இப்போதும் கூடவே வந்து, கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, கிளினிக் தண்ணீரை டம்ளர் டம்ளராகக் காலி செய்துகொண்டிருந்தான். நேற்றுக் காலை அவள் ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தபோது, "நான் மாமாவை லேபுக்குக் கூட்டிட்டுப் போறேன், நீ போக்கா" என்று வண்டியை எடுத்தவனும் அவன்தான். கூடப்பிறந்தவன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

"அட, ஈறு நல்லா இறுகியிருக்கே!" என்றார் டாக்டர். "ரத்தக் கசிவு இல்ல. ஆட்டமும் குறைஞ்சிருக்கு. யாரு இவ்வளவு அக்கறையா பார்த்துக்கிட்டது?"

"நான்தான் டாக்டர்" என்பதற்குள் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப நாள் குறிச்சிடலாம்" என்றபடி டாக்டர் உறையைப் பிரித்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"இது மூணு மாசச் சராசரி. ஏழுக்குள்ள இருக்கணும்னு சொன்னேன். பதினொண்ணு இருக்கு."

"பதினொண்ணா?" என்று கேட்டது மாஸ்டர் அல்ல, தம்பி.

மாஸ்டரம்மா புருஷன் பக்கம் திரும்பினாள். "அடப்பாவி மனுஷா! உங்களோட சேர்ந்து நானும் மூணு மாசமா வாயைக் கட்டினேனே! எங்க போய்த் தின்னீங்க?"

மாஸ்டர் தலைக்கு மேலிருந்த விளக்கையே பார்த்தார். "ஸ்கூல் கேன்டீன்ல... எப்பவாவது... ஒரு பன்னு."

"ஒரு பன்னுக்கெல்லாம் பதினொண்ணு வராது" என்றார் டாக்டர். "இந்த நிலைமையில நான் கத்தியைத் தொட மாட்டேன்."

"டாக்டர்" என்றான் தம்பி. "இப்படியே விட்டா என்ன ஆகும்?"

"பல்லு ஒவ்வொண்ணா ஆடும். பல்லோட போனாப் பரவாயில்ல. கண்ணு, கிட்னி, கால்னு வரிசையாப் பதம் பார்த்துடும்."

"மெஷின் தப்பாக் காட்டியிருக்குமோ?"

"பழைய லேப். இதுவரைக்கும் தப்பு வந்ததில்ல."

தம்பியின் முகம் வெளுத்துப்போனது. அக்காவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "பாருங்க, உங்களுக்கு வராத பதற்றம் அவனுக்கு வருது. மாமாவுக்கு ஒண்ணுன்னா எப்படித் துடிக்கிறான்! அவனைப் பார்த்தாவது திருந்துங்க!"

டாக்டர் ரிப்போர்ட்டைக் கீழே வைத்துவிட்டு மாஸ்டரின் உதட்டை விலக்கி இன்னொரு தடவை பார்த்தார். "எனக்கு ஒண்ணுதான் புரியல. இவ்வளவு சர்க்கரையை வெச்சுக்கிட்டு இந்த ஈறு எப்படி ஆறிச்சு?"

மாஸ்டர் தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான்.

மாஸ்டர் மெல்ல நாற்காலியை விட்டு இறங்கி, ஒதுங்கி நின்று, "வா மாப்ளே" என்றார்.

தம்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்து அதே நாற்காலியில் சாய்ந்தான். "ஒரு பன்னுக்கு மாமா பயந்துட்டாரு டாக்டர். நம்ம ரத்தம்தான் சுத்தமாச்சேன்னு நேத்து லேப்ல நான்தான் கையை நீட்டினேன்" என்று சொல்லிவிட்டு, வாயைத் திறந்தான்.