புல்லரிப்பு

"மனிதன் குரங்கிலிருந்து வந்தவனல்லன், மனிதனாகவே வந்தவன்!" என்று ஆயுள் முழுக்க மேடையில் முழங்கிய இளவழுதி, போன மாதம் ஆஸ்பத்திரியில் படுத்து, பரம்பரையாக உடம்பில் மிச்சமிருந்த குரங்கை ஊசி போட்டு நீக்கிக்கொண்டு வந்தார். "உன் உடம்பிலேயே குரங்கு இருக்கே!" என்ற எதிர்க்கட்சிக்காரன் வாயை அடைக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

அவர் பேச்சின் உச்சம் ஒன்று உண்டு. ஆதிமனிதனின் பெருமையைச் சொல்லிவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டி, "பாருங்கள், புல்லரிக்கிறது!" என்று நீட்டுவார். பெரிய திரையில் கைமுடி ஒவ்வொன்றும் சிலிர்த்து நிற்கும். அதற்காகவே அவரைத் தலைவராக வைத்திருந்தார்கள்.

இன்று மாநாடு. காலையில் கண்ணாடி முன் பேசிப் பார்த்தார். ஒரு முடிகூட அசையவில்லை. பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.

"புல்லரிப்பும் குரங்கோடதுதான் சார். சேர்ந்து போயிடும்," என்றாள் நர்ஸ்.

மனைவி செங்கமலம் அவர் கையைத் தடவிப் பார்த்தாள். "ஏங்க, தாலி கட்டின அன்னைக்கு என் விரல் பட்டதும் சிலிர்த்துச்சே, அதுவும் குரங்குதானா?"

"தலைவர் பதவியே போகப் போகுது, உனக்கு இப்பத்தான் அந்த ஞாபகமெல்லாம் வருமாக்கும்!"

ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் விரல் பட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் அவளே கூந்தலுக்கு அடிக்கும் ஸ்பிரேயைக் கொண்டுவந்து, கைமுடியைச் சீப்பால் தூக்கிவிட்டு அடித்தாள்.

மாநாட்டுத் திரையில் முடிகள் ஈட்டியாய் நின்றன; கூட்டம் எழுந்து விசிலடித்தது.

நன்றியுரை முடிந்து, பந்தியில் அவர் ரசம் பிசைந்தபோதும் கைமுடிகள் படியாமல் நின்றுகொண்டிருந்தன.