றொசாலியாவின் புள்ளி

புள்ளி நகரத் தொடங்கியதை முதலில் கண்டது கிளறாதான்.

"இஞ்சரப்பா, ஓடி வாங்கோ. பிள்ளை நடக்கிறாள்."

இராயப்பு முகம் கழுவிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போட்டுப் போன சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. பலெர்மோ நகரத்துப் போர்கோ வெக்கியோவில் ஓகஸ்ட் மாதத்து நண்பகலில் குழாய்த் தண்ணீரும் சுடும். துவாயைத் தோளில் போட்டபடி வந்து, மனைவியின் கையிலிருந்த போனை வாங்கினார்.

திரையில் வெள்ளையாக ஒரு வரைபடம், அதன் நடுவே ஒரு சிவப்புப் புள்ளி. அதுதான் அவர்களுடைய மகள் றொசாலியா.

நேற்றுப் பின்னேரத்திலிருந்து அது அசையவே இல்லை. கூடாரம் போட்டுப் படுத்திருப்பாள் என்று இராயப்பு சொல்லிப் பார்த்தார். கிளறாவுக்குக் கண் மூடவில்லை. மகளுக்குப் பெயர் தந்த புனிதை சாந்தா றொசாலியாவிடம், உன் மலைக்கோயிலுக்கு வெறுங்காலோடு ஏறி வருகிறேன் என்று நேர்த்தி வைத்தாள். இப்போது அவள் முகம் தெளிந்துவிட்டது. காலையிலிருந்து தொடாமல் கிடந்த மீன்குழம்பைச் சூடாக்கக் குசினிக்குள் போனாள்.

றொசாலியா தாவரவியல் படித்தவள். பலெர்மோவில் பிறந்து பலெர்மோவிலேயே படித்தாள். சுவர் வெடிப்பில்கூட அத்தி முளைக்கிற ஊர் இது. இதை விட்டுவிட்டுக் கோடைதோறும் நோர்வேக்கும் வடக்கே, பனித் தீவுகளுக்குப் போய்ச் செடி பார்க்கிறாள். அங்கே மரமே விரல் உயரம்தான் என்பாள். அவற்றின் பக்கத்தில் அடையாளம் குத்தி வைத்து, இந்த வருடம் எப்போது பூத்தது, எவ்வளவு வளர்ந்தது என்று பார்ப்பதுதான் அவள் வேலை.

ஆய்வு நிலையத்தில் இருக்கும்போது மட்டும் பேசுவாள். போன கிழமையும் பேசினாள்.

"அப்பா, இஞ்சையும் வெக்கைதான். முழங்கால் தண்ணியிலை கடந்த ஆறெல்லாம் இப்ப பனி உருகிப் பாக்கவே பயமாக் கிடக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நிலையத்தை விட்டு வெளியே போய்விட்டால் போன் வேலை செய்யாது. பையில் கொழுவியிருக்கும் சின்னக் கருவி ஒன்று, அவள் இருக்கும் இடத்தை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான்.

இராயப்பு கதிரையில் உட்கார்ந்தார். புள்ளி போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் மெல்லிய கோடு ஒன்று நீண்டது.

அவருக்கும் முதலில் நெஞ்சு இலேசானது. பிறகு விரல்களால் கோட்டைப் பெரிதாக்கினார்.

மகளின் கோடு அவருக்கு நல்ல பழக்கம். பஸ்ஸில் போகும்போதும், மாடிப்படி கழுவும் கட்டடங்களின் வாசலில் மூச்சு வாங்கும்போதும் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார். சிக்குப் பட்ட நூல் போல இருக்கும். கொஞ்சம் நடப்பாள், குந்துவாள். மண்ணோடு மண்ணாகப் படுத்துக் கிடப்பாள். வந்த வழியே திரும்புவாள். கண்ணில் பட்ட செடியைக் கடந்து போக அவளால் முடியாது.

இன்றைய கோட்டில் ஒரு சிக்கும் இல்லை.

வழுவழுவென்று நேராகப் போய், ஓரிடத்தில் மெதுவாக வளைந்து, மறுபடி நேராகப் போனது.

சொந்த ஊரான பேசாலையில் மீன் பிடிக்கக் கடலுக்குப் போன காலத்தில் இந்தப் போக்கை அவர் பார்த்திருக்கிறார். வலையிலிருந்து அறுந்த மிதப்பு இப்படித்தான் போகும். அதற்கு அவசரமும் இல்லை, களைப்பும் இல்லை. நீரோட்டம் வளைகிற இடத்தில் தானும் வளையும்.

படகில் போகிறாளோ என்று நினைத்துப் பார்த்தார். படகென்றால் ஓட்டுகிறவன் ஒருவன் இருப்பான். அவன் இருப்பது கோட்டில் தெரியும்.

அந்த வரைபடத்தில் நிலமும் பனியும் கடலும் ஒரே வெள்ளை. புள்ளி எதன் மேல் போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. கருவியை வாங்கி வந்த அன்று, அது தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும் என்று மகள் வாளித் தண்ணீரில் போட்டுக் காட்டியிருந்தாள்.

கிளறா கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள்.

"எங்கையும் நிக்காமல் போறாள், என்ன?"

"ஓம்," என்றார் இராயப்பு.

துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். முகம் எப்போதோ காய்ந்திருந்தது. சாப்பாட்டு மேசையில் கிளறா தட்டுகளை வைக்கும் சத்தம் கேட்டது. மெல்லிய குரலில் ஏதோ தேவாலயப் பாட்டையும் முணுமுணுத்தாள்.

போன் அவர் கைக்குள் அதிர்ந்தது.

புள்ளி மறைந்தது. திரையில் ஆய்வு நிலையத்தின் இலக்கம் வந்தது.

கிளறா ஈரக்கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"பிள்ளைதான் எடுக்கிறாள். கொண்டாங்கோ."

இராயப்பு கொடுக்கவில்லை. எடுக்கவும் இல்லை.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.